பழைய 8, 16 மி.மீ. கேமராக்கள்: கையாளும்போது நேர்ந்து, இன்றும் மனத்தை உறுத்தும் ஒன்றைப் பகிருங்கள்

சாவிகொடுப்பவன்

நான் வாங்கச் சென்ற டபுள் 8 கேமராவின் (16 மி.மீ. பிலிமை இருமுறை ஓட்டி, பக்கத்துக்குப் பாதியாகப் படமெடுக்கும் வகை), ஓடிய பிலிமைக் காட்டும் அடிக்கணக்கு முள், பாதியைத் தாண்டி நின்றிருந்தது. அதாவது, யாரோ பாதி எடுத்துவிட்டு மறந்துபோன பிலிம் உள்ளே இருந்தது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், விற்பவர் "உள்ளே ஒன்றும் இருக்காது, பாருங்கள்" என்று உச்சி வெயிலில் மூடியைக் கழற்றிவிட்டார். பிடி தளர்ந்த சுற்றுகள் சுருளின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி வெளியே வந்தன. அவர் சற்றும் பதறாமல், ஆட்காட்டி விரலால் அவற்றை உள்ளே தள்ளி, மூடியைப் பொருத்தி, "சரியாகிவிட்டது" என்றார். அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை. பிலிம் கோடாக்குரோம், கோடாக்கின் பழைய வண்ண பிலிம். அதை வண்ணத்தில் கழுவிக் கொடுத்த கடைசி ஆய்வகமும் 2010 டிசம்பரோடு புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்திவிட்டது என்பதால், எல்லாம் போய்விட்டது என்றே நினைக்கிறேன்; அடுத்து என்ன செய்வது என்றும் விளங்கவில்லை.

அரைவட்டம்

எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. வெளிச்சுற்றுகள் கருகியிருக்கும், ஆனால் அவையே உட்சுற்றுகளுக்குத் திரையாக இருந்திருக்கும், தளராத பகுதியில் ஓரங்களில் மட்டுமே ஒளி கசிந்திருக்கும். கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருவோர் இருக்கிறார்கள்; உருவம் ஓரளவு கிடைக்கலாம்.

என் அனுபவம் சிறியது. கைமாறி வந்த ஒரு சூப்பர் 8 கேமராவின் (கார்ட்ரிட்ஜில் அடைத்த 8 மி.மீ. பிலிம் போடும் வகை) ஒளியளக்கும் மீட்டருக்கு, முன்பு வைத்திருந்தவர் பாதரச பேட்டரிக்குப் பதில் அல்கலைன் பேட்டரியைப் போட்டிருந்தார். நல்ல வெயிலில் எடுத்த காட்சிகள் அனைத்தும் திரையில் அந்திப்பொழுதாக இருண்டு கிடந்தன.

ஆகவே அனைவரும் கவனிக்க வேண்டும்: பிஎக்ஸ்625 என்ற அந்தப் பாதரச பேட்டரியின் மின்னழுத்தம் 1.35 வோல்ட், அது தீரும்வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குவதால், மீட்டர் முதலில் ஒளியை மிகுதியாகக் கணித்து லென்ஸின் துளையைச் சுருக்கிவிடும். காதுகேள் கருவிக்குரிய துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்துக்குள் பொருத்திப் போடலாம். அதன் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்த பின் அது சில வாரங்களே உழைக்கும் என்பதால், படமெடுக்கும் நாளில் மட்டும் உரிக்க வேண்டும். அல்கலைன் ஒழுகி பேட்டரி அறையில் வெண்பொடி படிந்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பேட்டரியை உள்ளே வைத்தபடி கேமராவைப் பெட்டியில் பூட்டி வைப்பதைப் போன்ற அலட்சியம் வேறில்லை.

நீலவானம்

இங்கே யாரும் பேட்டரியைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. போகட்டும். எனக்கு இரவல் கிடைத்த சூப்பர் 8 கேமராவில் எடுத்த வெளிப்புறக் காட்சிகள் மொத்தமும் நீலமாக வந்தன; மனித முகங்கள்கூட நீலம். அந்தக் காலத்துச் சூப்பர் 8 வண்ண பிலிம் செயற்கை விளக்கொளிக்கு ஏற்றது என்பதும், பகலில் எடுப்பதற்காகக் கேமராவுக்குள்ளேயே நீலத்தைத் தணிக்கும் 85 எண் ஆரஞ்சு ஃபில்டர் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. விளக்கு மாட்டும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஃபில்டரை விலக்குவதற்கான தட்டைச் சாவி அங்கேயே முறிந்து, துண்டு ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்ததும் உள்ளே 'டிக்' என்று ஃபில்டர் தன் இடத்துக்குத் திரும்பிய ஒலி கேட்டது. கேமராவின் உரிமையாளரோ இன்றுவரை தமக்கு அப்படியொரு சாவியே தெரியாது என்கிறார்.

பதினாறடி

அரைவட்டம் சொல்வது எல்லா மீட்டருக்கும் பொருந்தாது. பாலச்சுற்று (bridge circuit, இரு கிளைகளை ஒப்பிட்டு அளக்கும் மின்சுற்று) அமைந்த மீட்டர்கள் மின்னழுத்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கையில் நம்பகமான மீட்டர் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் வளையம் தேடி அலைவது வீண்வேலை.

நான் சொல்ல வந்தது பொலெக்ஸ் எச்16 ரிஃப்ளெக்ஸ் என்ற, லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் 16 மி.மீ. சாவிக் கேமரா பற்றியது. நண்பர் ஒருவர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஓட்டத்தில் பூட்டிவிட்டு, தானும் காட்சிக்குள் வருவதற்காக ஓடினார். ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் அரை நிமிடம்கூட ஓடாது என்பதால் அந்த அவசரம். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்தது. அவர் கண்ணை எடுத்த நொடியிலிருந்து, மூடப்படாத வியூஃபைண்டர் வழியாகப் புகுந்த ஒளி பிரிசத்தின் ஊடாகப் பிலிமை எட்டி, காட்சி முழுவதையும் பால்போல் வெளுக்கச் செய்துவிட்டது. தொலைவிலிருந்து அவர் திரும்பிக் கையசைப்பது ஒரு நிழலாகத் தெரிகிறது. தம் குடும்பத்தினருடன் அவர் இருக்கும் வேறு படச்சுருள் கிடையாது. அந்த வியூஃபைண்டரை மூடுவதற்கு ஒரு சிறு நெம்புகோல் உண்டு. பழைய கேமராக்களுக்கு ரப்பர் கண்மூடி தேடுவோர் முதலில் அந்த நெம்புகோல் வேலைசெய்கிறதா என்று பார்க்கட்டும்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை: கேமராவைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், சாவி கொடுத்த சுருள்வில்லை முழுவதுமாக ஓடவிட்டுத் தளர்த்துங்கள், ஆனால் பிலிம் இல்லாதபோது 64 பிரேம் வேகத்தில் ஓடவிடாதீர்கள்.