ஷெட்டுக்கு மாறியதிலிருந்து பீரில் பிளாஸ்திரி வாடை, அவசரம்!

கொல்லைப்புறம்:
வணக்கம் மக்களே. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய ஷெட்டைக் காலி பண்ணி பீர் காய்ச்சும் இடமாக மாற்றியிருக்கிறேன். பெஞ்ச், சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டாச்சு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போனதிலிருந்து காய்ச்சுகிற எல்லாவற்றிலும் ஒரு மருந்து வாடை. பிளாஸ்திரியைப் பிரித்து மூக்கருகே வைத்தது மாதிரி. சமையலறையில் காய்ச்சியவரை இது இல்லவே இல்லை. அதே ரெசிப்பி, அதே ஈஸ்ட், அதே பாத்திரம். சுத்தத்திலும் குறை வைக்கவில்லை. அடுத்த மாதம் மைத்துனரின் பிறந்தநாள். அதற்காக இந்தச் சனிக்கிழமை காய்ச்சியாக வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

வடமராட்சி அண்ணை:
தம்பி, எந்த நாடு என்றே சொல்லவில்லையே. எத்தனை லிட்டர்? காஸா, கரண்டா? ஷெட் தகரமா, மரமா? முக்கியமாக, முந்தி அதுக்குள்ள என்ன வைத்திருந்தீர்கள்? பூச்சிமருந்து, பெயின்ட் வைத்த இடமென்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஆவி பறக்குது:
ஈஸ்ட் எது, எத்தனை டிகிரியில் புளிக்கவிடுகிறீர்கள்? இப்போது கோடை என்றால் தகர ஷெட் உள்ளே 40 டிகிரி தாண்டும். ஏல் (ஒரு வகை பீர்) ஈஸ்டுக்கு 18 முதல் 22 வரைதான் சரி. அதற்கு மேலே போனால் என்னென்னமோ வாடை வரும். என் ஓட்டு வெப்பத்துக்கே.

கொங்கு தம்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று சும்மா இருக்கிறது. அதில் இப்படிச் செய்யலாமா? எவ்வளவு செலவாகும்?

ஹாப்ஸ் வாத்தியார்:
பொள்ளாச்சிக்காரருக்கு: செலவு இருக்கட்டும், ஜாமீனுக்கு ஆள் இருக்கிறாரா? 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கள்ளுக்கே 1987 முதல் தடை. வீட்டில் பீர் காய்ச்சினால் உள்ளே போக வேண்டியதுதான்.

கேள்வி கேட்டவருக்கு: இதையெல்லாம் இங்கே ஆயிரம் தடவை பேசியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் ஏன் யாருக்கும் இல்லை என்று தெரியவில்லை. பிளாஸ்திரி வாடை என்றால் காட்டு ஈஸ்ட். பிரெட்டனோமைசிஸ் என்று பெயர். பழைய ஷெட், மரத்தூசி, சிலந்தி வலை, வேறு என்ன வரும்? பிளாஸ்டிக் சாமான், ட்யூப், குழாய்த் திருகு அத்தனையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். "சுத்தத்தில் குறை வைக்கவில்லை" என்று எல்லாரும்தான் சொல்வார்கள்.

கொல்லைப்புறம்:
சாரி, வேலையில் இருந்தேன். மெல்பர்ன். கரண்டில் ஓடும் 35 லிட்டர் பாத்திரம், 2400 வாட். ஷெட் தகரம், மூன்றுக்கு மூன்று மீட்டர். முன்னால் சைக்கிளும் புல்வெட்டும் மெஷினும் இருந்தன. ஃபெர்மென்டர் (பீர் புளிக்கும் பாத்திரம்) ஃப்ரிட்ஜுக்குள், கன்ட்ரோலர் போட்டு 18 டிகிரி. அதனால் வெப்பம் இல்லை. காய்ச்சும்போது ஆவி அதிகம், கூரையிலிருந்து சொட்டுகிறது. கரண்ட் கராஜிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரில் வருகிறது.

மின்கம்பி:
நில்லுங்க, நில்லுங்க. 2400 வாட் என்றால் 10 ஆம்பியர் பிளக்கின் முழு எல்லை. அதே ஒயரில் ஃப்ரிட்ஜும் ஓடுகிறதா? ஒயர் சுருளாகச் சுற்றிக் கிடக்கிறதா? சுற்றிக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உருகும். தகரச் சுவர், ஈரத் தரை, மேலே சொட்டுகிற தண்ணீர். இதைக் கேட்டதும் பீர் வாடை எனக்கு மறந்தே போச்சு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச்சோடு. உங்கள் விக்டோரியா மாநிலத்தில் நாமே கை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மின்பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போதே 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டாகப் போடச் சொன்னால் பின்னால் பெரிய பாத்திரம் வாங்கினாலும் கவலையில்லை.

அடுப்படி:
இதற்குத்தான் காஸ் அடுப்பு என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். கரண்டும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். வெளியே புல்தரையில் வைத்துக் காய்ச்சினால் ஆவியும் போய்விடும். மழை வந்தால் மட்டும் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு கதவைப் பாதி திறந்து வைக்கலாம்.

மின்கம்பி:
அந்தக் கடைசி வரியை யாரும் செய்துவிடாதீர்கள். மூடிய இடத்தில் பெரிய காஸ் பர்னர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாடை கிடையாது, நிறம் கிடையாது. பாதிக் கதவு காப்பாற்றாது.

அடுப்படி:
நான் பல வருடமாகச் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மின்கம்பி:
ஆனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

ஆவி பறக்குது:
என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். வெப்பம் இல்லை, ஆவிதான். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது. அது எங்கே போகும்? தகரத்தில் பட்டுத் திரும்பச் சொட்டும். துரு, தூசி, பூஞ்சை எல்லாம் சேர்ந்து பாத்திரத்துக்குள் விழும். பாத்திரத்துக்கு மேலே புகைபோக்கி மாதிரி ஒரு ஹுட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

வடமராட்சி அண்ணை:
ஃபேன் வேண்டும்தான். ஆனால் ஆவி திரும்ப விழுந்தால் வருகிறது அவித்த சோள வாசம். பிளாஸ்திரி வாசம் இல்லை. தம்பி, கெக்குக்கு (பீர் அடைக்கிற பீப்பாய்) கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ஷெட்டுக்குள்ளயா? 2.6 கிலோ சிலிண்டர் முழுக்க ஒழுகினால் கிட்டத்தட்ட 1400 லிட்டர் வாயு. உங்கட ஷெட்டில அது 7 சதவீதம் வரும், தலை சுற்றி விழ அது காணும். காற்றைவிடப் பாரமான வாயு, தரையோடு கிடக்கும். சிலிண்டரை வெளியில வைத்து ட்யூபை மட்டும் உள்ள விடும். பெர்மிட் பற்றி யோசிக்க வேண்டாம், 10 சதுர மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன ஷெட்டுக்குப் பொதுவாகத் தேவையில்லை.

கொங்கு தம்பி:
அப்போ அங்கே சாராயமும் காய்ச்சலாமா?

வடமராட்சி அண்ணை:
இங்க ஆஸ்திரேலியாவில சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. வடிக்கிறது வேற கதை. வரித்துறை அனுமதியில்லாமல் சாராயம் வடித்தால் இங்கேயும் குற்றம்தான். ஊரில எங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பனையில முட்டியைக் கட்டினால் இறக்கும்போதே கள்ளாயிருக்கும். ஷெட்டும் வேண்டாம், கன்ட்ரோலரும் வேண்டாம்.

ஹாப்ஸ் வாத்தியார்:
கள்ளையும் பீரையும் ஒப்பிடுவது அபத்தம். கள்ளில் என்ன நுண்ணுயிர் வேலை செய்கிறது என்று யாருக்கும் கட்டுப்பாடு கிடையாது. நல்ல ப்ரூவரின் கட்டுப்பாடே ஈஸ்டில்தான் இருக்கிறது.

வடமராட்சி அண்ணை:
எங்கட அப்பு காலையில இறக்கினதைக் குடித்துப் பார்த்துவிட்டு இதைச் சொல்லும் வாத்தியார்.

குழாயடி:
கள்ளுச் சண்டை முடிந்ததும் இதற்குப் பதில் சொல்லுங்கள், கொல்லைப்புறம். நான் குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள், அதனால் கேட்கிறேன்.

ஒன்று, கடைசியில் ஹைட்ரோமீட்டர் (மிச்சமிருக்கும் சர்க்கரையை அறிய பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) எவ்வளவு காட்டியது? இரண்டு, அந்த வாடை ஈஸ்ட் போடுவதற்கு முன்பே, சூடான வோர்ட்டிலேயே (ஈஸ்ட் போடாத மால்ட் சாறு) இருக்கிறதா? மூன்று, கழுவுவதற்கு பிளீச் பயன்படுத்துகிறீர்களா? நான்கு, சிங்க் இருக்கிறது என்றீர்கள், அதற்குத் தண்ணீர் எப்படி வருகிறது?

ஹாப்ஸ் வாத்தியார்:
குளோரின் பக்கம் போகிறீர்கள் என்று தெரிகிறது. கொதிக்கவைத்தால் குளோரின் பறந்துவிடும், இது ஆரம்பப் பாடம். மேலும் சமையலறையிலும் அதே மெல்பர்ன் தண்ணீர்தானே? அங்கே வராதது இங்கே எப்படி வரும்? காட்டு ஈஸ்ட்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயடி:
அதே தண்ணீர், சரி. அதே வழியா என்பதுதான் என் கேள்வி. காட்டு ஈஸ்ட் என்றால் வாடை நாளாக ஆக ஏறும், பீரும் மெலிந்துகொண்டே போகும். இவர் சொல்வதில் அது எதுவும் இல்லை. கொதிக்கவைத்தால் குளோரின் போகும், ஆனால் அதற்குள் அது எதோடாவது சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிட்டால் அது போகாது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். டெட்டாலில் இருக்கும் குளோரோசைலினால் இதே குடும்பம்தான்.

கொல்லைப்புறம்:
அக்கா, 1.012 காட்டியது. எப்போதும் அதே அளவுதான். வோர்ட்டை நக்கிப் பார்த்தபோதும் லேசாக இருந்தது, பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் வாடை என்று நினைத்தேன். பிளீச் இல்லை, அமில சானிடைசர்தான், கழுவ வேண்டாத வகை. தண்ணீர் தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு எடுக்கிறேன். சாதாரண பச்சை ஹோஸ்தான், அதில் என்ன இருக்கிறது?

வடமராட்சி அண்ணை:
ஆஹா.

குழாயடி:
அதில்தான் எல்லாமே இருக்கிறது. தோட்டத்து ஹோஸ் குடிதண்ணீருக்காகச் செய்ததில்லை. உள்ளே தண்ணீர் நின்று, வெயிலில் கிடந்து சூடாகும்போது பிளாஸ்டிக்கில் உள்ள ஃபீனால் வகைகள் தண்ணீரில் இறங்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதோடு சேர்ந்தால் நீங்கள் சொல்லும் வாடை அப்படியே வரும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் சமையலறைத் தண்ணீர். இரண்டாவதில் தோட்டத்துக் குழாயில் ஹோஸைக் கழற்றிவிட்டு நேராகப் பிடித்தது. மூன்றாவதில் மதியம் முழுக்க வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து வரும் முதல் தண்ணீர். மூன்றையும் வெதுவெதுப்பாக்கி, தட்டு போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து முகருங்கள். குடிக்க வேண்டாம். எது எந்த டம்ளர் என்று தெரியாத ஒருவரை முகரச் சொன்னால் இன்னும் நல்லது.

ஹாப்ஸ் வாத்தியார்:
ஹோஸ் என்றால் ஒரு கேம்ப்டன் மாத்திரையில் (சல்ஃபைட் மாத்திரை) பாதியைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது. குளோரின், குளோராமின் இரண்டும் போய்விடும். இதற்கு டம்ளர் நாடகமெல்லாம் எதற்கு?

குழாயடி:
மாத்திரை தண்ணீரில் இருக்கும் குளோரினைத்தான் பிடிக்கும். ஹோஸுக்குள்ளேயே உருவாகிவிட்ட குளோரோஃபீனாலை ஒன்றும் செய்யாது. முதலில் வழியை மாற்றுங்கள். கேரவன் சாமான் விற்கும் கடையில் குடிநீருக்கான ஹோஸ் கிடைக்கும், பெரும்பாலும் வெள்ளை நிறம். வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு நிழலில் சுருட்டி வையுங்கள். அதற்குப் பிறகு பாதி மாத்திரையும் போடுங்கள், அது நல்ல பழக்கம்தான்.

மின்கம்பி:
சிங்க்கின் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது?

கொல்லைப்புறம்:
வாளிக்கு. வாளியிலிருந்து எலுமிச்சை மரத்துக்கு.

மின்கம்பி:
வாளி சரி. குழாய் போட்டு சாக்கடையில் இணைக்க நினைத்தால் அதற்கும் லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான். ஒயரைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

ஆவி பறக்குது:
ஃபேன் பற்றியும் பதில் வரவில்லை.

அடுப்படி:
காஸ் என்றால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே அடுப்பை வைத்திருக்கலாம், இந்த ஹோஸே தேவைப்பட்டிருக்காது. யாரும் கேட்பதில்லை.

வடமராட்சி அண்ணை:
அடுப்படி, உமது விசுவாசத்துக்கு ஒரு கெக் தரலாம்.

கொல்லைப்புறம்:
ஹோஸ்தான். மனைவியிடம் எது என்ன என்று சொல்லாமல் மூன்று டம்ளரையும் நீட்டினேன். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதும் "ஆஸ்பத்திரி" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். சனிக்கிழமை சமையலறையிலிருந்து கேனில் சுமந்து காய்ச்சப்போகிறேன். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன், சிலிண்டர் வெளியே வந்தாச்சு. அக்காவுக்கு நன்றி. ஏற்கெனவே கெக்கில் இருப்பதை என்ன செய்வது?

குழாயடி:
வைத்திருந்தால் குறையாது. கொட்டிவிடுங்கள். கெக்கின் ரப்பர் வளையங்களையும் மாற்றுங்கள், வாடை அதில் ஏறியிருக்கும்.

ஹாப்ஸ் வாத்தியார்:
தண்ணீரின் பாதையைச் சரிபார்க்க வேண்டும் என்பது எந்த ப்ரூவருக்கும் தெரிந்த அடிப்படை. அதனால்தான் ட்யூப் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஹோஸும் ட்யூப்தான்.

வடமராட்சி அண்ணை:
வாத்தியார், காட்டு ஈஸ்ட் எண்டு எழுதி வைக்கச் சொன்னீர். எழுதி வைத்திருக்கிறன்.

கொங்கு தம்பி:
மது இல்லாமல் இஞ்சி பீர் போட்டால் கொட்டகைக்குச் சட்டப் பிரச்சினை வராதுதானே?

ஹாப்ஸ் வாத்தியார்:
ஈஸ்ட் போட்டால் ஆல்கஹால் வரும். ஈஸ்ட் இல்லாமல் சோடா சிலிண்டரில் ஏற்றினால் அது இஞ்சி சர்பத். தனி இழை போடுங்கள்.

ஆவி பறக்குது:
கொல்லைப்புறம், மைத்துனர் பிறந்தநாள் முடிந்திருக்குமே? பீர் எப்படி வந்தது? ஃபேன் வைத்தீர்களா?

மின்கம்பி:
லைன் இழுக்க எவ்வளவு ஆச்சு என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடுப்படி:
ஆள் வரமாட்டார். யாருக்காவது இரட்டை வளைய பர்னர் வேண்டுமா? கொஞ்சம்தான் பயன்படுத்தியது. வெளியே வைத்து எரிக்க மட்டும், மின்கம்பி கோபித்துக்கொள்வார்.