மறு: இல்லாத மதிப்புக்கு ஒரு சொல்: ‘பதரெண்’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அளவு வைக்கும் கட்டத் தரவில் அளவு இல்லாத இடங்களில் போட்டுவைக்கும் எண்ணுக்கு ‘வெற்று மதிப்பு’, ‘நிரப்பு மதிப்பு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சொல்லைப் பிசகாக வைத்தால் படிக்கிற பிள்ளைகள் கணக்கையும் பிசகாகப் போடுவார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ‘வெற்று’. இந்திய வானிலைத் துறையின் தினசரி மழைத் தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகைக்கு ஒரு கட்டமாக 1901 முதல் கிடைக்கிறது. தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள், ஜூன் ஜூலையில் வால்பாறையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே பல நாள் 0 தான். மழைமறைவுப் பகுதி அல்லவா, அந்த 0 உண்மையான தரவு. அதே கோப்பில் அரபிக்கடல் மேல் விழும் கட்டத்தில் -999 இருக்கும், அங்கே பெய்ததா இல்லையா என்று அந்தக் கோப்பு எதுவுமே சொல்லவில்லை. ‘வெற்று’ என்றால் இந்த இரண்டும் ஒன்றாகத் தெரியும். கொங்கு வறட்சியைக் கணக்கிடப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய குழப்பம் வேறு வேண்டியதில்லை.

‘நிரப்பு’ என்பதற்குக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. இப்படிப்பட்ட தரவுக் கோப்புகளை எழுதவும் படிக்கவும் உதவும் நெட்சிடிஎஃப் (netCDF) என்ற மென்பொருள் நூலகம் ஒரு மாறிக்கு இடம் ஒதுக்கும்போதே அதை ஒரு எண்ணால் நிரப்பி வைக்கிறது, யாரும் எழுதாமல் விட்ட இடத்தில் அதுவே தங்கிவிடுகிறது. ஆனால் தமிழில் ‘நிரப்பிய மதிப்பு’ என்று படிப்பவர், விடுபட்ட நாளுக்குப் பக்கத்து நாட்களை வைத்து ஊகித்துப் போட்ட அளவு என்றுதான் எடுத்துக்கொள்வார். நேர் எதிரான பொருள்!

என் பரிந்துரை ‘பதரெண்’. நெல்லோடு நெல்லாகக் கிடக்கும், உள்ளே அரிசி இருக்காது, அதுதான் பதர். இந்த எண்ணும் அப்படித்தான், மற்ற எண்களோடு வரிசையில் நிற்கும், கூட்டினால் கூடும், சராசரியில் கலக்கும், உள்ளே அளவு ஒன்றும் இருக்காது. எங்கள் பக்கம் கடலைக்காட்டில் பருப்பில்லாத காயைப் ‘பொக்கு’ என்பார்கள், அதை வைத்துப் ‘பொக்கெண்’ என்றும் யோசித்தேன், ஆனால் தஞ்சாவூர்க்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ‘பதர்’ சட்டென்று விளங்கும். குறளிலேயே இதே பொருளில் ‘பதடி’ இருக்கிறது.

சொல் பொருத்தமா என்று சோதிக்க வெப்பநிலைக் கோப்புதான் சரியான இடம். மழையில் -999 இருப்பதால் மொத்தம் எதிர்ம எண்ணாகிவிடும், யாரும் கண்டுபிடிப்பார்கள். வெப்பநிலையில் பதரெண் 99.9. ஓரத்தில் சில கடல் கட்டங்களையும் சேர்த்து ஒரு செவ்வகம் வெட்டிச் சராசரி எடுத்தால் சில பாகை ஏறி, கோடைதானே என்று நம்பும்படி ஒரு எண் வரும். அப்புறம் இன்னொரு சிக்கல்: துல்லியம் குறைந்த 32 பிட்டில் சேமித்த 99.9 ஐ 64 பிட்டுக்கு மாற்றினால் அது 99.9000015 என்று ஆகிவிடும். ‘99.9 க்குச் சமமானதை நீக்கு’ என்று எழுதினால் ஒன்றுகூட நீங்காது. ஆகவே கலைச்சொல் விளக்கத்தில் ‘பதரெண்ணைத் தரவின் எண் வகையிலேயே (32 பிட் என்றால் 32 பிட்டில்) ஒப்பிட வேண்டும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும்.

நீக்கும் வேலையை எப்போது செய்கிறோம் என்ற வரிசையும் முக்கியம். இடம் மிச்சம் பிடிக்க முழு எண்ணாகச் சுருக்கி, ஒரு பெருக்கெண்ணும் ஒரு கூட்டெண்ணும் தனியாக எழுதிவைக்கும் கோப்புகளில் பதரெண் சுருக்கிய நிலையிலேயே இருக்கும். முதலில் பதர் நீக்கம், பிறகுதான் பெருக்கல். மாற்றிச் செய்தால், உதாரணமாகக் கெல்வின் வெப்பநிலைக் கோப்பு ஒன்றில் பெருக்கெண் 0.01, கூட்டெண் 273.15, பதரெண் -32767 என்றால் -54.52 வரும். கெல்வினில் எதிர்மம் கிடையாது என்று தெரிந்தவர் பிடித்துவிடுவார், செல்சியஸ் என்று எண்ணியவர் ஏதோ துருவப் பிரதேசம் என்று விட்டுவிடுவார். பைத்தான் மொழியில் இந்தக் கோப்புகளைப் படிக்கும் எக்ஸ்அரே (xarray) நூலகம் இந்த வரிசையைத் தானே சரியாகச் செய்கிறது, ஆனால் பதரெண் இன்னதென்று கோப்பின் பண்புகளில் எழுதியிருந்தால்தான். பண்புகள் எதுவும் இல்லாமல் எண்கள் மட்டும் உள்ள இருமக் (binary) கோப்பைப் படிக்கும்போது நாம்தான் சொல்ல வேண்டும்.

பதரெண்ணை நீக்கும் இந்த வேலைக்கு ‘முகமூடியிடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், தயவுசெய்து வேண்டாம். ‘தூற்றல்’ அழகான சொல், ஆனால் பழி தூற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘பதர் நீக்கம்’ போதும்.

நீக்கிய பிறகு நினைவகத்தில் அந்த இடத்தில் நிற்பது பதரெண் அல்ல, ‘இது எண் அல்ல’ என்று காட்டும் NaN என்ற குறி, அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘எண்ணிலி’ கணக்கற்றது என்ற பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘அல்லெண்’ என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.