ரீசர்ஃபேஸிங் செய்த இடுப்பு பழுதானது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?

பல்லாவரத்தான்:
2008இல், என் 41ஆம் வயதில், வலது இடுப்பில் ரீசர்ஃபேஸிங் செய்துகொண்டேன். இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை செத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுக்காமல், செதுக்கி உலோகத் தொப்பி மாட்டி, அது சுழலும் இடுப்புக் குழியில் ஓர் உலோகக் கிண்ணத்தைப் பதிப்பதால் தரையில் சம்மணமிட்டு உட்காரலாம் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒப்புக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு கல்யாணப் பந்தி. சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்தபோது, எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போல இடுப்பிலிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார். “பலகை ஐயா, பழைய பலகை” என்று சிரித்து வைத்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்தது ஜமுக்காளத்தில்.

அந்தப் பொய்யை ஓராண்டு எனக்கே சொல்லிக்கொண்டேன். தொடை இடுக்கில் வலி வந்தபோது, எக்ஸ்ரேயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, முதுகைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர்தான் கருவியில் உள்ள உலோகமான கோபால்ட் இரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்: லிட்டருக்கு 38 மைக்ரோகிராம். ரிவிஷன், அதாவது கருவியைக் கழற்றி மாற்றும் மறு அறுவை, முடிந்து அவர் செல்பேசியில் காட்டிய படத்தில், மூட்டைச் சுற்றியிருந்த சதை பழைய எஞ்சின் ஆயிலில் தோய்த்த பஞ்சைப் போல இருந்தது.

மலைக்கோட்டை:
உங்களுக்கு ஆறு ஆண்டுகளாவது கிடைத்தன, அண்ணா. எனக்கு ஏழு வாரம். ஊன்றுகோலை விட்ட மூன்றாம் நாள் பேருந்தின் கடைசிப் படியிலிருந்து இறங்கினேன்; கால் தரையைத் தொட்டது, உடம்பு அதன்மேல் நிற்கவில்லை. தொப்பிக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. விழுந்தீர்களா, வழுக்கியதா என்று மருத்துவமனையில் நான்கு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். நான் விழவில்லை. இன்றுவரை என் மாமனார்கூட அதை நம்பவில்லை.

பதினான்கு ஆண்டு:
எனக்கு இடது இடுப்பில் ரீசர்ஃபேஸிங் செய்து 14 ஆண்டுகள் ஆகின்றன, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கும் புதியவர்கள் பயந்துபோவார்கள் என்பதால் சில விஷயங்களைப் பிரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவது, மலைக்கோட்டை ஐயாவின் முறிவும் பல்லாவரத்து ஐயாவின் தேய்மானமும் ஒன்றல்ல. கழுத்து முறிவு பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வருவது; எலும்பு வலுவில்லாமல் இருந்தாலோ, செதுக்கும்போது கழுத்தில் வெட்டு விழுந்தாலோ, தொப்பி சாய்ந்து உட்கார்ந்தாலோ நேர்வது. தேய்மானம் வேறு கதை. கிண்ணம் செங்குத்தாக நின்றுவிட்டால் பாரம் முழுவதும் அதன் விளிம்பில் ஏறி, உலோகத்தை உலோகம் அரைக்கும்; அந்தத் துகள்தான் சதையைக் கறுப்பாக்குகிறது, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கின்றன.

இரண்டாவது, எல்லாக் கருவிகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட, டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்புக் கருவிகள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் ரீசர்ஃபேஸிங் வகையை வைத்துக்கொண்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு ஐந்தே ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டதாக இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு காட்டியது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் டெரெக் மெக்மின் குழுவினர் 1997இல் கொண்டுவந்த பர்மிங்காம் கருவியோ, பெரிய எலும்புத் தலையுள்ள ஆண்களிடம் நன்றாகவே உழைத்திருக்கிறது. 2006 வரை அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைக்காததால் அங்கிருந்து விமானம் ஏறிச் சென்னைக்கு வந்து செய்துகொண்டவர்கள் உண்டு. டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு, அதே அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் பட்டம் வென்றார்.

மூன்றாவது, வலி இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். இரத்தத்தில் கோபால்ட்டோ குரோமியமோ லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலேயே சொல்லிவிட்டது. எக்ஸ்ரே சதையைக் காட்டாது. உலோகத்தால் படம் சிதையாத முறையில் எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். அறுவைக் கோப்பில் கருவியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் குறையுங்கள். மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

கோவை வள்ளி:
பதினான்கு ஆண்டு ஐயா, “பெரிய எலும்புத் தலையுள்ள ஆண்கள்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் பெண். எனக்கு 2007இல் வைத்த தொப்பியின் அளவு 44 மில்லிமீட்டர் என்பதை, நீங்கள் சொல்கிற அதே ஸ்டிக்கரில்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் படித்தேன். நீங்கள் புகழும் கருவியின் தயாரிப்பாளரே பெண்களுக்கும், தலையளவு 46 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர்களுக்கும் அது வேண்டாம் என்று 2015இல் சொல்லிவிட்டார். என்னுடையது எந்தக் கருவி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. 2007இல் அளவைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அடிவயிற்றில் கனம் தட்டியதால் ஸ்கேன் எடுத்தேன். கட்டி என்று வந்தது, என்னைப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பினார்கள். கர்ப்பப்பையை எடுப்பதற்குத் தேதிகூடக் குறித்தாயிற்று. நான் நொண்டிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்த மயக்க மருந்து மருத்துவர்தான், இடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அது கர்ப்பப்பைக் கட்டியே இல்லை; உலோகத் துகளால் மூட்டைச் சுற்றிய சதை வீங்கி, அங்கிருந்து அடிவயிற்றுக்குள் வளர்ந்த பொய்க்கட்டி.

எனக்கு அதைவிட மறக்க முடியாதது இரத்தம் எடுத்த காலைப்பொழுது. ஊசியின் உலோகமே கணக்கைக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக் குழாய் வழியாக எடுத்து முதல் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. ஆய்வகத்துப் பையன் அதைப் படித்துவிட்டு, “அக்கா, இரத்தத்தை யாராவது வீணாக்குவார்களா?” என்று முதல் குப்பியிலேயே என் பெயரை ஒட்டிவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் சத்தம் போட, நான் சத்தம் போட, வரிசையில் இருந்தவர்கள் என்னைத்தான் பைத்தியம்போலப் பார்த்தார்கள்.

மலைக்கோட்டை:
பதினான்கு ஆண்டு ஐயாவுக்கு ஒன்று. எலும்பு வலுவில்லை என்றால் அதை அறுப்பதற்கு முன்பே அளந்து சொல்லியிருக்க வேண்டும். முறிந்த பிறகு எலும்பின்மேல் பழி போடுவது நியாயமா?

பதினான்கு ஆண்டு:
நான் யார்மீதும் பழி போடவில்லை, காரணத்தைச் சொன்னேன். வள்ளி அம்மா சொன்ன அளவு விஷயத்தை நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இழப்பீடு கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏஎஸ்ஆர் விவகாரத்தில் மத்திய அரசு 2018இல் அறிவித்த கணக்கு 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி வரை. அது அந்தக் கருவி வைத்தவர்களுக்கு மட்டுமே, மற்றவர்கள் வீணாக அலைய வேண்டாம்.

பல்லாவரத்தான்:
இழப்பீடு பற்றி நான் கேட்கவில்லை, ஐயா. வள்ளி அம்மாவுக்குத்தான் பதில். ரிவிஷனுக்குப் பிறகு எனக்குக் கோபால்ட் சில மாதங்களில் இறங்கிவிட்டது, குரோமியம் மெதுவாகத்தான் இறங்கியது. உங்களுக்கும் அப்படி இருந்தால் கலங்காதீர்கள். தரையில் உட்கார எனக்கு இப்போது அனுமதியில்லை, பந்தியில் மேசைதான். கழற்றிய தொப்பியையும் கிண்ணத்தையும் கேட்டு வாங்கி வந்தேன், ஊறுகாய் பாட்டில் போன்ற ஒரு டப்பாவில் கொடுத்தார்கள். தொப்பியில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. கிண்ணத்தின் விளிம்பில் மட்டும், ஒரு விரல் நகத்தின் அகலத்துக்கு, மங்கிப் போயிருக்கிறது.