பழைய பட்டறையை வாங்கி அலுவலகமாக்கலாமா?

ஊர்க்குருவி:
எங்கள் தொண்டு அமைப்புக்கு, கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் ஒரு பழைய உலோகப் பட்டறை விலைக்கு வந்திருக்கிறது. வாங்கித் திருத்தி அலுவலகமாக்கலாம் என்கிறேன். குழுவில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ரொறன்ரோ பிறிக் வேர்க்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். 1889இல் தொடங்கிய செங்கல் சூளை. மாசி ஹோல் என்ற இசையரங்குக்குச் செங்கல் போனது அங்கிருந்துதான். 1984இல் சூளை அணைந்தது. இன்று எவர்கிறீன் என்ற தொண்டு நிறுவனத்தின் தலைமையகம் அதுதான். அவர்களால் முடிந்தது எங்களால் முடியாதா?

கறுத்தக்கொழும்பான்:
முடியாது. அவர்கள் அதற்குக் கொட்டியது 55 மில்லியன் டொலர் அளவில். அரசும் கொடுத்தது, பெரிய கொடையாளிகளும் கொடுத்தார்கள். இன்றைக்கும் சனிக்கிழமைச் சந்தை, கல்யாண வாடகை என்று அந்த இடம் உழைத்துத்தான் நிற்கிறது. அலுவலகம் அங்கே ஒரு மூலை. உங்கள் பட்டறையில் யார் வந்து தாலி கட்டப்போகிறார்கள்? அப்புறம், பிறிக் வேர்க்ஸ் இருப்பது டொன் ஆறு பெருகினால் தண்ணீர் ஏறுகிற நிலத்தில். 2013 யூலையில் அதே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 பேரோடு ரயில் வெள்ளத்துக்குள் நின்றதே, மறந்துவிட்டதா?

ஊர்க்குருவி:
எங்கள் பட்டறை ஆற்றங்கரையில் இல்லை அண்ணை. நிற்கிற சுவரையும் இரும்பு உத்தரத்தையும் இடித்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதுச் சீமெந்து குழைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காங்கேசன்துறை ஆலைப் பக்கம் வளர்ந்தவன் நான், சீமெந்துப் புகை தெரியும்.

பனங்காய்:
கூரை ஒழுகுமா? அதை முதலில் சொல்லுங்கோ.

வடலி:
கூரையை விடுங்கள், தரையைப் பாருங்கள். கட்டிட அனுமதி வேலையில் இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன். உலோகப் பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவிய கரைப்பான் மண்ணுக்குள் இறங்கியிருக்கக்கூடும். அது வருடக்கணக்காக ஆவியாகி அறைக்குள் ஏறும். வாங்கிய பிறகு துப்புரவு உத்தரவு வந்தால் அது உங்கள் பெயருக்கும் வரலாம், அழுக்காக்கியவர் எங்கோ இருப்பார். இன்னொன்று: ஒன்ராறியோ மாகாண விதிப்படி தொழிற்சாலை அலுவலகமாவது ஒரு கதை, சிறுவர் பராமரிப்பு நிலையமாவது வேறு கதை. இரண்டாவதற்கு மண் சுத்தமென்று மாகாணத்தில் பதிவு செய்தாக வேண்டும். பின்னாளில் குழந்தைகளைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கறுத்தக்கொழும்பான்:
பிள்ளை சொல்வது சரி. நான் புதிதாகக் கட்டச் சொல்லவில்லை, வாடகைக்கு இருங்கள் என்கிறேன். ரொறன்ரோ நகர நடுவில் இருக்கிற 401 றிச்மண்ட் கட்டிடம் பழைய தகர டப்பாத் தொழிற்சாலை. 1994இல் ஒருவர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அமைப்புகளுக்கும் கலைஞர்களுக்கும் விட்டார். கூரை, மண், கொதிகலன் எல்லாம் அவர் தலைவலி.

ஊர்க்குருவி:
அந்தக் கட்டிடத்துக்கே சொத்துவரி தாறுமாறாக ஏறி, 2017இல் எல்லோரும் கையெழுத்து வேட்டைக்கு இறங்கினார்கள். மாகாணம் தனி வரிப் பிரிவு உண்டாக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. வாடகைக்கு இருந்தவர்களும்தானே பயந்தார்கள்?

மண் பரிசோதனை முடியும்வரை முற்பணம் கொடுக்க மாட்டோம், அதில் வடலி அக்கா சொல்வதை ஏற்கிறேன். அண்ணை, நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு கட்டிட உரிமையாளரை ஸ்காபரோவில் காட்டுங்கள். நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுகிறேன்.