ஹெரால்டுக்குக் கார்ப்பெட்: ஒட்டுவதா, விரிப்பதா?

வண்டலூரான்:
தாத்தா 1967-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இப்போது என் கையில். இஞ்சின் வேலையும் பெயின்ட்டும் முடிந்தாயிற்று. மிச்சம் தரைதான். பழைய கார்ப்பெட்டைத் தூக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, அடியில் ஈர வாடை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கேட்டேன். கனமான ரெக்சின் விரிப்பை ஃபோமோடு தரை முழுக்க ஒட்டி ஒரே நாளில் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். ஒட்டலாமா? இன்னொன்று, முன் சீட்டுக்கு அடியில் வெயிலே படாத இடத்தில் உள்ளங்கை அளவுக்கு அடர்சிவப்பு லூப் கார்ப்பெட் மிஞ்சியிருந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அசல்பித்தன்:
இத்தாலிய டிசைனர் மிச்செலோட்டி வரைந்த காருக்கு வாடகை வேன் தரையா? நல்லவேளை, ஒட்டுவதற்கு முன்னால் கேட்டீர்கள். அந்தத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், உங்களுக்கு வேண்டிய நிறம் அதில்தான் இருக்கிறது. கம்பளி லூப் கார்ப்பெட், அடியில் சணல் ஃபெல்ட், ஓரத்துக்கு அதே நிறத்தில் ரெக்சின் பட்டி. இழையை வெட்டாமல் வளையமாகவே விட்டிருந்தால் லூப், நுனியை வெட்டிவிட்டால் கட் பைல். இன்றைய கார்களில் இருக்கிற புசுபுசு கட் பைலை அறுபதுகளின் வண்டியில் போட்டால், வேட்டிக்கு டை கட்டினது மாதிரி இருக்கும்.

அம்பாசடர் மாமா:
தம்பி, இவர் பேச்சைக் கேட்டால் பாக்கெட் காலி. சென்னையில், நவம்பர் மழையில், கம்பளியா? ஒரு தரம் நனைந்தால் பொங்கல் வரைக்கும் நாறும். அப்புறம் பூச்சி வேறு அரிக்கும். என் மார்க் 4 அம்பாசடரில் பதினெட்டு வருடமாக ரப்பர் மேட்தான். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் தீர்ந்தது. ரெக்சினும் அதே ஜாதிதான், தைரியமாக ஒட்டுங்கள். அது சரி, அந்தச் சிவப்புத் துண்டு கம்பெனியில் போட்டது என்று யார் சொன்னது? வண்டி வாங்கிய கையோடு சீட் கடையில் விட்டுப் பிடித்த நிறத்தில் விரிப்புப் போட்டுக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர்.

அசல்பித்தன்:
தாத்தாவே போட்டிருந்தால்தான் என்ன, ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வண்டியில் இருந்தது அதுதானே? நான் கம்பெனிச் சான்றிதழ் கேட்கவில்லை. அந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று சொல்கிறேன்.

தையல்மெஷின்:
இரண்டு பேரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். முப்பது வருடமாகச் சீட் தைக்கிறவன் சொல்கிறேன், ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் கவர். அந்த வண்டியில் கியர்பாக்ஸைக் கீழே இறக்க மாட்டார்கள், வண்டிக்குள்ளிருந்துதான் எடுப்பார்கள். கிளட்ச் பிளேட் மாற்றுவதென்றால் முன் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை எடுத்து, நடுவில் இருக்கிற கவரைத் தூக்கியாக வேண்டும். கவர் அசலாக இருந்தால் தகடு கூடக் கிடையாது, அழுத்திய அட்டை. ரெக்சினை அதன்மேல் ஒட்டிவிட்டால் கிளட்ச்சுக்குப் போகிற அன்றைக்கு மெக்கானிக் பிளேடால் கிழிப்பார், அட்டையும் சேர்ந்து வரும். எனக்கு அப்படி வந்த வண்டி உண்டு.

அதனால் துண்டு துண்டாகத் தைக்க வேண்டும். நடுக் கவருக்குத் தனி, முன்னால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி, பின்னால் தனி. பழைய கார்ப்பெட் நொறுங்கினாலும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் அளவு. அதைப் பிரவுன் தாளில் விரித்து வரைந்து, தாளை வண்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல். எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய வேண்டும், ஒன்று திரும்பிவிட்டால் வெயிலில் வேறு நிறம் மாதிரித் தெரியும். சீட் போல்ட்டுக்கு டிரில் மட்டும் போடாதீர்கள். லூப்பில் ஓர் இழை டிரில் பிட்டில் மாட்டினால், ஸ்வெட்டர் பிரிகிற மாதிரி வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். நைலான் என்றால் சால்டரிங் அயர்னால் சுட்டு ஓட்டை போடலாம், விளிம்பு உருகி அடைத்துக்கொள்ளும். கம்பளி உருகாது, சின்னதாகச் சிலுவை வெட்டுத்தான்.

டிரைவர் குதிகால் படும் இடத்தில் ரெக்சின் பட்டை ஒன்று தைத்துவிடுங்கள், முதலில் தேய்வது அங்கேதான். ஆக்சிலேட்டருக்கு அடியில் கனமான ஃபெல்ட் வேண்டாம். பெடல் முழுசாக இறங்காது, கார்ப்பெட் ஓரம் கிளம்பினால் பெடலில் மாட்டும். முன் துண்டுகளை டிச் பட்டனில் நிறுத்துங்கள். நனைந்தால் பிடுங்கி மாடியில் காயப்போடலாம்.

அம்பாசடர் மாமா:
கியர்பாக்ஸ் கவர் விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் ஒட்டுவதில் என்ன தப்பு? ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, பழைய வீட்டு மொட்டைமாடிக்குப் போடுகிற தார் ஷீட் ஒன்று போட்டு, மேலே ரெக்சின். சத்தமும் குறையும், சூடும் குறையும்.

அசல்பித்தன்:
மாமா, மொட்டைமாடித் தார் ஷீட் மேலே வெயில், கீழே சைலன்சர் சூடு என்று இரண்டு பக்கமும் வேகும். மே மாதம் வண்டிக்குள் ரோடு போடுகிற வாசம்தான். சத்தத்துக்கு வேண்டுமானால் பியூட்டைல் ரப்பர் ஷீட் போடலாம். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மூடிவிடுவதும் ஆகாது, அது ஈரத்தை உள்ளே விடும். துருவைச் சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே பெயின்ட்.

யாழ் மைனர்:
வணக்கம். எங்கள் வீட்டில் மொறிஸ் மைனர், அப்பாவின் வாகனம். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியது. தரை கதையை நானும் சொல்லவேணும். மாமா சொன்ன ரப்பர்தான் எங்களிடமும் கிடந்தது, பார்க்கச் சுத்தமாக. கதவு ரப்பராலும் முன் கண்ணாடி ரப்பராலும் வந்த தண்ணீர் அதற்கு அடியில் போய் நின்றிருக்கிறது. மேலே ஒரு சொட்டும் தெரியவில்லை. ஒருநாள் ஜாக் அடித்தபோது வாகனம் எழும்பவில்லை, ஜாக்தான் உள்ளே ஏறியது. எல்லாம் கறள், நீங்கள் சொல்லும் துரு. மைனருக்கு அடியில் தாங்குகிற சட்டமாகத் தனிச் சேஸிஸ் இல்லை, தரைதான் அதன் எலும்பு. தகடு வெட்டி ஒட்டவே கராஜில் மூன்று மாதம் நின்றது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருக்கிறபடியால் அவ்வளவுக்குப் போகாது. ஆனாலும் தம்பி, விரிப்பு வாங்க முதல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவரை டோர்ச்சோடு இருத்திப் பாருங்கள், எங்கே ஒழுகுது என்று.

அம்பாசடர் மாமா:
யாழ்ப்பாணத்துத் தம்பி பயமுறுத்துகிறார். நாளைக்கே என் மேட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆனால் கம்பளிக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

தையல்மெஷின்:
கம்பளி நடக்க நன்றாக இருக்கும், பக்கத்தில் தீ வந்தாலும் சட்டென்று பற்றாது. ஏசி ஷெட்டில் நின்று வருடத்துக்கு நாலு நாள் கண்காட்சிக்குப் போகிற வண்டிக்கு அது சரி. ஓட்டுகிற வண்டிக்கு நைலான் லூப். விலை மலிவு என்று பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழையைக் காட்டுவார்கள். தண்ணீர் குடிக்காது, வாஸ்தவம். ஆனால் சீக்கிரம் அமுங்கிவிடும், ஆயில் பட்டால் போகாது. அசல்பித்தன் சார் சொன்ன சணல் ஃபெல்ட்டும் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கவருக்கு மேலே மட்டும் சூடு தடுக்கிற மாதிரி மெல்லிசாக ஏதாவது போதும்.

அசல்பித்தன்:
ஃபெல்ட்டை விட்டுக்கொடுக்கிறேன். லூப்பை விடமாட்டேன்.

வண்டலூரான்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றி ஹோஸ் அடித்துப் பார்த்தேன், உள்ளே தங்கச்சி டார்ச்சோடு. முன் கண்ணாடி ரப்பரின் இடது மூலையில் ஒழுகுகிறது. நேராக ஃபெல்ட்டுக்குள் இறங்குவதால் இத்தனை நாள் தெரியவில்லை. அந்தப் பக்கத் தரையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், தெரு தெரிந்தது. வண்டியை டிங்கரிடம் விட்டாயிற்று. பேட்ச் வேலை, எபாக்சி, புதுக் கண்ணாடி ரப்பர், அதற்கப்புறம்தான் கார்ப்பெட். நைலான் லூப், துண்டு துண்டாக, டிச் பட்டனோடு. கியர்பாக்ஸ் கவர் அட்டைதான், ஒரு பக்கம் ஊறிப் போயிருக்கிறது. இத்தனை நாள் காலில் அனல் அடித்தது அந்த வழியாகத்தான் போலிருக்கிறது. ஃபைபரில் செய்து தருகிற ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். நிறம் மட்டும் முடிவாகவில்லை. எனக்கு அந்தச் சிவப்பு, அம்மாவுக்குச் சாம்பல். சிவப்பில் மணல் தெரியும் என்கிறார்.

அம்பாசடர் மாமா:
அம்மா சொல்வதைக் கேளுங்கள். என் மேட்டுக்கு அடியில் பார்த்தேன், அதைப் பற்றி இங்கே பேச விருப்பமில்லை. அந்த டிங்கர் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.