95 செ.மீ. மழையைப் பிழை என்று ஒதுக்கிவிடலாமா?

தேரிக்காடு:
தாமிரபரணிக் கடைமடையில் ஒரு குளத்துக்கு மறுகால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்) எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுற்றியுள்ள மழைமானி நிலையங்களின் 30 வருடத் தினசரி அளவுகளைச் சேர்த்துவிட்டேன். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18க்கு எதிரே 95 செ.மீ. என்று இருக்கிறது, மென்பொருள் அதைப் பிழை என்று ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கலாமா? அப்புறம் இன்னொரு நிலையத்தில் ஒரு வருடம் நவம்பர் முழுக்கப் பூஜ்யம், அதை என்ன செய்வது?

கருமேகம்:
தயவுசெய்து அழித்துவிடாதீர்கள் தம்பி! அதே நாள் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பக்கத்து ஊர்கள் எல்லாம் சாட்சி சொல்லும்போது அந்த எண் எப்படிப் பிழையாகும்? அதை எடுத்துவிட்டால் எந்த வெள்ளத்துக்குப் பயந்து மறுகால் கட்டுகிறீர்களோ அதற்கே அது போதாமல் போகும். இன்னொன்று, அளவு எடுப்பது காலை 8.30க்கு, அதனால் 18ஆம் தேதிக் கணக்கில் இருப்பது பெரும்பாலும் 17ஆம் தேதி பெய்த மழை. ஆற்று நீரோட்டக் கணக்கோடு ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளி நிற்பது இதனால்தான்.

முக்காணி வாய்க்கால்:
நவம்பர் பூஜ்யத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பக்கத்து நிலையங்கள் நனைந்திருக்க இது மட்டும் காய்ந்திருந்தால் அன்று யாரும் அளக்கவில்லை என்று பொருள், அங்கே பூஜ்யம் போடாமல் காலியாக விடுங்கள், இல்லையென்றால் சராசரி சும்மா இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் பூஜ்யம், அடுத்த நாள் பெரிய எண் என்று வந்தால் அது விடுமுறை முடிந்து மொத்தமாக அளந்தது. மாதக் கூட்டலுக்கு ஆகும், ஒருநாள் உச்சத்துக்கு ஆகாது.

டபுள் மாஸ் கர்வ் வரைந்தீர்களா? சந்தேகப்படும் நிலையத்தின் மழையை வருடா வருடம் கூட்டிக்கொண்டே போய், பக்கத்து நிலையங்களின் சராசரியையும் அதேபோல் கூட்டி, ஒன்றுக்கொன்று எதிராக வையுங்கள். நேர்கோடாகப் போக வேண்டும். மானியை இடம் மாற்றினாலோ பக்கத்தில் மரம் வளர்ந்தாலோ கோடு மடங்கும். 100 சதுர செ.மீ. வாய் உள்ள மானிக்கு 200க்கான அளவுக் குடுவையை வைத்து அளந்தாலும் அப்படித்தான், பெய்ததில் பாதிதான் பதிவாகும். காரணம் தெரியாமல் மட்டும் திருத்தாதீர்கள்.

தேரிக்காடு:
நன்றி அண்ணாச்சி. 95ஐத் திரும்பச் சேர்த்துவிட்டேன். வரைந்தும் பார்த்தேன், நவம்பர் பூஜ்யம் காட்டிய அதே நிலையத்தில்தான் கோடு மடங்குகிறது. திங்கட்கிழமை நேரில் போய்ப் பழைய பதிவேட்டையும் குடுவையையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.