வாய்தா கிடையாது

(குழுவின் பெயர் தாத்தா வைத்தது. முழு வாக்கியத்தில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையும் அவருடையதே.)

பெரியப்பா, காலை 6.12
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்களே இருக்கின்றன. நினைவு மலரில் அவரைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிட வேண்டும் என்று அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து நான் எழுதியது இது:

“கும்பகோணம் நீதிமன்றங்களில் நாற்பத்தாறு ஆண்டுகள் உரிமையியல் வழக்கறிஞராகப் பணியாற்றிய எங்கள் தந்தையார், 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ குத்தகை விவசாயிகளை வெளியேற்றத்திலிருந்து காத்தவர், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்ததும் பிராதுகளைத் தமிழிலேயே எழுதியவர், மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வேண்டும் என்று குரல் கொடுத்து, 2004 ஜூலை 24 அன்று அது திறக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர், பெண்களுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்பதைச் சட்டம் சொல்வதற்கு முன்பே தம் குடும்பத்தில் செயலில் காட்டியவர்.”

சித்தப்பா (கோவை), 6.40
[குரல் செய்தி, 3 நிமிடம் 52 விநாடி]

சின்ன அத்தை, 6.44
அண்ணா, குரல் செய்தி இந்தக் குழுவில் செல்லாது என்பதை மறந்துவிட்டீர்களா?

சித்தப்பா (கோவை), 6.58
மன்னிக்கவும், நடந்துகொண்டே பேசிவிட்டேன். அப்பா மதுரைக் கிளைக்குக் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. நம் மாவட்டத்து மேல்முறையீடுகள் இனி மதுரைக்குப் போகும் என்று தெரிந்ததும், சென்னைக்குப் போகும் சாக்கில் மாம்பலத்துச் சித்தியைப் பார்த்துவருவது நின்றுவிட்டதே என்று சலித்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

பெரிய அத்தை, 7.05
அண்ணா, கடைசி வரியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்து 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தாது. எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு வருடம் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானபோது தங்கைக்குப் பங்கு வந்தது. என்னைக் கையெழுத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அப்பா என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டுவதுபோல் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டி, “புரிகிறதா?” என்று கேட்டார். எனக்குப் புரிந்தது.

சின்ன அத்தை, 7.09
நான் கேட்டு வாங்கியதில்லை அக்கா.

பெரிய அத்தை, 7.11
தெரியும். உனக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டே போகிறது என்று வீடே கவலைப்பட்டது. கடைசியில் அந்தத் தாமதமே உனக்கு முக்கால் வேலி நஞ்சையாக வந்து சேர்ந்தது.

பெரியப்பா, 7.20
பழையதைக் கிளறுவதற்காக நான் இதை எழுதவில்லை. மேலக்காவேரி வீட்டை அப்பா உனக்குத்தானே எழுதிவைத்தார்?

பெரிய அத்தை, 7.31
பதினொரு ஆண்டுகள் கழித்து எழுதிவைத்தார். அது அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என்பதால் யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தான செட்டில்மெண்ட் பதிவானதும் வழியில் ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை வாங்கினார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “பத்திரத்தை உனக்கு நான் படித்துக் காட்டவில்லையே, நீயாகப் படித்துப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

அக்கா (வக்கீல்), 7.48
ஒரு விளக்கம். கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாட்டை நீக்கிய மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடாது. ஆகவே பெரிய அத்தை எந்தக் காலத்திலும் நீதிமன்றத்தில் கேட்டிருக்க முடியாது. தாத்தா வீட்டை எழுதிக் கொடுத்தது 2005க்கு முன்பு.

பெரியப்பா, 7.50
அப்படியானால் “சட்டம் சொல்வதற்கு முன்பே” என்று நான் எழுதியது சரிதானே?

பெரிய அத்தை, 7.52
“முன்பே” சரி. “சம பங்கு” சரியில்லை.

சித்தப்பா (கோவை), 7.53
அப்பா இருந்திருந்தால் இந்த இரண்டு சொல்லுக்கே அரை நாள் வாதாடியிருப்பார்.

சின்ன அத்தை, 8.15
சட்டப் பெயர்களையெல்லாம் குறைத்துவிட்டு அந்தத் திண்ணையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் அண்ணா. கைநாட்டு வைக்கும் கட்சிக்காரர் வந்தால், அப்பா பிராதை முதலில் உரக்கப் படிப்பார். எந்த இடத்தில் அவர்கள் முகம் மாறுகிறதோ அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார். திருப்புறம்பியத்திலிருந்து ஒரு பாட்டி வருவாரே, அவருக்காக ஒரே பிராதை நான்கு முறை தட்டச்சு செய்ய வைத்ததால் குமாஸ்தா கோபித்துக்கொண்டு காபி சாப்பிடப் போய்விட்டார். ரேகை வைத்து முடித்ததும், மைப்பெட்டியோடு வைத்திருக்கும் ஈரத் துணியால் பாட்டியின் கட்டைவிரலை அப்பாவே துடைத்துவிட்டார். நகக்கண்ணில் இருந்த மை மட்டும் போகவில்லை.

பெரியப்பா, 8.19
பாட்டியைச் சேர்க்கலாம். குமாஸ்தாவின் மகன் விழாவுக்கு வருகிறார். கோபித்துக்கொண்ட செய்தி வேண்டாம்.

அக்கா (வக்கீல்), 8.26
கடைசி வருடத்தையும் சேர்க்க வேண்டும். 2024 ஜூலை 1 அன்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய்ப் புதியது வந்தபோது தாத்தாவுக்கு 93 வயது. என்னைப் புதுப் புத்தகம் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரத்தில் பழைய எண்ணைப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். மின்னணுப் பதிவுகளுக்கான பழைய 65பி இப்போது 63 ஆகியிருப்பதைக் கண்டதும், “அப்படியானால் நம் குழுவில் எழுதுவதும் சாட்சியம்தான், எல்லோரையும் ஒழுங்காக எழுதச் சொல்” என்றார். பென்சில் எழுத்து பாதிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

நான், 8.40
அந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது?

அக்கா (வக்கீல்), 8.41
என்னிடம்தான் இருக்கிறது.

சித்தப்பா (கோவை), 8.43
மற்ற புத்தகங்களை என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவிடலாம். மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளில் கீழ்த்தட்டு முழுவதும் கரையான் ஏறியிருக்கிறது.

பெரியப்பா, 8.45
ஒரு நேரத்தில் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

பெரிய அத்தை, 8.57
என் வரியை நானே எழுதித் தருகிறேன் அண்ணா: “சட்டம் ஒரு மகளுக்குக் கொடுக்காததைப் பதினொரு ஆண்டுகள் யோசித்துத் தாமே கொடுத்தவர்.”

பெரியப்பா, 9.20
“பதினொரு ஆண்டுகள்” அவசியமா?

பெரிய அத்தை, 9.21
அவசியம்.

சின்ன அத்தை, 9.30
இருக்கட்டும் அண்ணா.

பெரியப்பா, 10.02
வியாழக்கிழமை இரவு மறுபடியும் பேசுவோம். அச்சகத்தில் சனிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பா (கோவை), 10.03
குழுவின் பெயரை எல்லோரும் ஒருமுறை படித்துக்கொள்ளவும்.